அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் வழிகாட்டி நூல்கள்

அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் எபிசோடுகளை வரிசைப்படுத்தி, கதைச் சுருக்கம், நடித்தவர்கள், எழுதியவர், இயக்கியவர், ஒளிபரப்பான நாள், படமாக்கிய விதம் முதலியவற்றைத் தொகுத்துத் தரும் நூல்கள் வழிகாட்டி நூல்கள் எனப்படுகின்றன. துணைநூல், கையேடு என்ற பெயர்களும் உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய இவ்வகை 1970களில் பிரிட்டனில் வேரூன்றியது. 1980களிலும் 1990களிலும் தனியொரு பதிப்புத் துறையாக வளர்ந்தது. தமிழில் இது இன்னும் வேர்பிடிக்கவில்லை. ஆனால் இதற்கு இணையான தொகுப்புப் பணி தமிழுக்குப் புதியதன்று.

தேவை எழுந்த விதம்

வீட்டில் வீடியோ கருவி வருவதற்கு முன்பு, தொலைக்காட்சியில் ஒரு காட்சியைத் தவறவிட்டால் அது போனதுதான். மறு ஒளிபரப்பு எப்போது வரும் என்பது பார்ப்பவர் கையில் இல்லை. நாவலைத் திரும்பப் புரட்டலாம். திரைப்படத்தை வேறொரு கொட்டகையில் பிடிக்கலாம். தொலைக்காட்சித் தொடருக்கு அந்த வசதி கிடையாது.

அறிவியல் புனைவுத் தொடர்களில் இந்தக் குறை கூடுதலாக உறுத்தியது. இல்லாத கோள்கள், இல்லாத இனங்கள், இல்லாத கருவிகள் என்று ஒரு முழு உலகை அவை கட்டி எழுப்பின. முதல் ஆண்டில் சொன்ன விதி மூன்றாம் ஆண்டில் மீறப்பட்டால் பார்ப்பவர் கவனித்தார். கவனித்ததை நிறுவ அவரிடம் பதிவு எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்த ரசிகர்கள் இந்த நூல்வகையைத் தொடங்கி வைத்தார்கள்.

ஸ்டார் டிரெக்: முதல் நூல்கள்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய ‘ஸ்டார் டிரெக்’ 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1969 ஜூனில் முடிந்தது. மொத்தம் 79 எபிசோடுகள். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1968இல், ‘தி மேக்கிங் ஆஃப் ஸ்டார் டிரெக்’ என்ற நூலை பேலன்டைன் பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர் ஸ்டீபன் விட்ஃபீல்ட். ராடன்பெரியின் பெயரும் அட்டையில் இடம்பெற்றது. தொடரில் வரும் விண்கலத்தின் பிளாஸ்டிக் மாதிரிகளை விற்ற ஏஎம்டி நிறுவனத்தின் வழியாகத் தொடரின் உள்வட்டத்துக்குள் வந்தவர் விட்ஃபீல்ட். அலுவலகக் குறிப்புகள், பட்ஜெட் நெருக்கடிகள், பாத்திரங்கள் உருவான கதை ஆகியவற்றை அவர் அப்படியே வாசகர் முன் வைத்தார். ஒரு தொலைக்காட்சித் தொடர் எப்படி உருவாகிறது என்பதைப் பொதுவாசகருக்கு விரிவாகக் காட்டிய தொடக்ககால நூல்களில் இது முக்கியமானது.

அடுத்த பெரும்பணி ரசிகர்களுடையது. டாரதி ஜோன்ஸ் என்பவர் எபிசோடுகளைப் பார்த்துப் பார்த்து, பாத்திரம், இடம், கருவி என ஒவ்வொன்றுக்கும் சிறு அட்டைகளில் குறிப்பெடுத்து வைத்திருந்தார். அந்த அட்டைகளை அடிப்படையாகக் கொண்டு பிஜோ டிரிம்பிள் தொகுத்த ‘ஸ்டார் டிரெக் கன்கார்டன்ஸ்’ 1969இல் ரசிகர்களின் சொந்தச் செலவில் அச்சானது. மூன்றாம் ஆண்டு எபிசோடுகளுக்கான இணைப்பு பின்னர் வந்தது. 1976இல் பேலன்டைன் இதை முறையான நூலாக வெளியிட்டபோது, அட்டையிலேயே சுழலும் வட்டத் தகடு ஒன்றை வைத்தது. அதைத் திருப்பினால் எந்த எபிசோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். தொடர் நிறுத்தப்படவிருந்தபோது அதைக் காப்பாற்ற என்பிசிக்குக் கடிதங்களைக் குவிக்கும் இயக்கத்தை நடத்தியவர்களும் பிஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும்தான். ஒரு தொடரை நிறுத்தவிடாமல் போராடிய கைகளே அதன் அகராதியையும் தொகுத்தன.

1975இல் வெளிவந்த ‘ஸ்டார் ஃப்ளீட் டெக்னிக்கல் மேனுவல்’ வேறொரு வழியைத் திறந்தது. விமானத் தொழிற்துறையில் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஜோசப் இதை எழுதினார். கற்பனை விண்கலத்துக்கு உண்மையான பொறியியல் வரைபடங்களின் ஒழுங்கைக் கொடுத்தார். நூல் பெரும் விற்பனை கண்டது. ‘இந்தக் கதை எப்படிப் படமானது’ என்று கேட்கும் நூல் ஒரு பக்கம். ‘இந்த உலகம் உண்மையாக இருந்தால் எப்படி இயங்கும்’ என்று கேட்கும் நூல் மறுபக்கம். இவ்வகையின் இரு கிளைகளும் இங்கேயே பிரிந்துவிட்டன.

டாக்டர் ஹூ: அழிந்ததை நினைவில் மீட்டவர்கள்

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 1989 வரை ஓடி, 2005இல் மீண்டும் வந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1978 வரை பிபிசி தன் பழைய ஒளிநாடாக்களில் பலவற்றை அழித்து மறுபயன்பாட்டுக்கு விட்டது. நாடா விலை அதிகம், வைப்பதற்கு இடம் குறைவு, பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்கு இனி மதிப்பிராது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் காரணங்கள். 1960களில் ஒளிபரப்பான 253 டாக்டர் ஹூ எபிசோடுகளில் 90க்கும் மேற்பட்டவற்றின் படம் கிடைக்கவில்லை. ஆனால் அவை அனைத்தின் ஒலியும் தப்பியிருக்கிறது. காரணம், தொலைக்காட்சிப் பெட்டியருகே டேப் ரெக்கார்டரை வைத்து வீட்டில் பதிவு செய்த ரசிகர்கள். ஜான் குரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பின்போது திரையை நேரடியாகப் படமெடுத்து விற்றுவந்தார். படம் அழிந்த பல எபிசோடுகளுக்கு இன்று முகம் கொடுப்பவை அந்தப் புகைப்படங்கள்.

இந்தப் பின்னணியில் டாக்டர் ஹூ வழிகாட்டி நூல்கள் வெறும் துணைநூல்களாக நிற்கவில்லை. அழிந்துபோன எபிசோடுகளுக்கு அவை மூலச்சான்றுகளாக மாறின. தொடருக்கு எழுதியவர்களான மால்கம் ஹல்கும் டெரன்ஸ் டிக்ஸும் 1972இல் ‘தி மேக்கிங் ஆஃப் டாக்டர் ஹூ’ எழுதினர். தொடரைப் பற்றிய முதல் முழுநூல் அதுதான். 1973இல் பத்தாம் ஆண்டை ஒட்டி ரேடியோ டைம்ஸ் இதழின் சிறப்பு வெளியீடு வந்தது. 1981இல் ழான்-மார்க் லொஃபிசியே தொகுத்த ‘டாக்டர் ஹூ புரோகிராம் கைடு’ இரண்டு தொகுதிகளாக வெளியாகி, ஒரு தலைமுறை ரசிகர்களின் அடிப்படைக் குறிப்புநூலாயிற்று.

கதைகளுக்குப் பெயர் வைப்பதே இந்த நூல்களில் ஒரு சிக்கலாக இருந்தது. 1966 வரை ஒவ்வொரு எபிசோடுக்கும் தனித் தலைப்பு திரையில் வந்தது. பல எபிசோடுகள் சேர்ந்த முழுக்கதைக்குத் தலைப்பு காட்டப்படவில்லை. அதனால் டாலெக்குகள் என்னும் வேற்றுக்கோள் எதிரிகள் முதலில் வரும் கதையை ஒரு நூல் ‘தி டெட் பிளானட்’ என்றது, இன்னொன்று ‘தி மியூட்டன்ட்ஸ்’ என்றது. கடைசியில் ‘தி டாலெக்ஸ்’ என்பதே பெருவழக்காக நிலைத்தது. ஓலையில் தலைப்பில்லாத நூலுக்குப் பின்வந்தோர் பெயரிட்ட வரலாறு தமிழ் வாசகருக்குத் தெரியும். இதுவும் அந்த வகை வேலைதான்.

வளர்ச்சியும் வகைகளும்

1980களில் மற்றத் தொடர்களுக்கும் நூல்கள் வந்தன. 1959 முதல் 1964 வரை 156 எபிசோடுகளாக ஓடிய ‘ட்விலைட் ஸோன்’ தொடருக்கு மார்க் ஸ்காட் ஸிக்ரீ எழுதிய துணைநூல் 1982இல் வெளியானது. தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் 1975இலேயே இறந்துவிட்டதால், அவருடன் பணியாற்றியவர்களைத் தேடிப் பேசித் தகவல் திரட்டினார் ஸிக்ரீ. ஒரு தொடரை இலக்கியப் படைப்புக்குரிய அக்கறையோடு அணுகலாம் என்பதற்கு அந்நூல் முன்மாதிரியாயிற்று. அதே 1982இல் டோனி அட்வுட் ‘பிளேக்ஸ் 7’ தொடருக்கு வழிகாட்டி எழுதினார். 1986இல் ‘அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரின் துணைநூலை டேவிட் ஷோ வெளியிட்டார்.

உள்ளடக்கத்தை வைத்து இந்நூல்களை நான்காகப் பகுக்கலாம்: எபிசோடு வழிகாட்டி, தயாரிப்பு வரலாறு, கற்பனை உலகின் தொழில்நுட்பக் கையேடு, அகரவரிசைக் களஞ்சியம். மூன்றாவது வகைக்கு ரிக் ஸ்டெர்ன்பாக், மைக்கேல் ஒகுடா இருவரும் எழுதிய 1991ஆம் ஆண்டின் தொழில்நுட்பக் கையேடு சிறந்த எடுத்துக்காட்டு. ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் எழுத்தாளர்கள் முன்பின் முரணில்லாமல் எழுதுவதற்காக அலுவலகத்துக்குள் தயாரித்த குறிப்பேடே அதன் மூலம். நான்காவது வகையில் மைக்கேல், டெனிஸ் ஒகுடா இணையர் 1994இல் வெளியிட்ட ‘ஸ்டார் டிரெக் என்சைக்ளோபீடியா’ தலையாயது.

1995இல் பால் கார்னல், மார்ட்டின் டே, கீத் டாப்பிங் மூவரும் எழுதிய ‘டிஸ்கன்டினியூட்டி கைடு’, டாக்டர் ஹூவின் முன்பின் முரண்களையும் பிழைகளையும் கதைகளின் மூலங்களையும் அன்போடு பட்டியலிட்டது. அதே ஆண்டில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடருக்கு பிரையன் லவ்ரி எழுதிய அதிகாரபூர்வ வழிகாட்டி வந்தது. இதற்குள் வீட்டுக்கு வீடு வீடியோ கேசட் வந்துவிட்டதால் கதைச் சுருக்கத்தின் தேவை குறைந்து, தயாரிப்புத் தகவலும் விமர்சனமும் முன்னே வந்தன. 2003க்குப் பின் இணையக் களஞ்சியங்கள் பட்டியல் வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. அச்சுநூல்கள் ஆய்வு, நேர்காணல், அரிய படங்கள் என்று தம் இடத்தைச் சுருக்கி ஆழப்படுத்தின.

இந்தியாவிலும் குமரி மாவட்டத்திலும்

1980களில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்டார் டிரெக்கை ஒளிபரப்பியது. அதே பத்தாண்டின் இறுதியில் ‘இந்திரதனுஷ்’, ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’ ஆகிய இந்தித் தொடர்கள் வந்தன. 1998இல் கேத்தன் மேத்தாவின் ‘கேப்டன் வியோம்’ தொடங்கியது.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள கருங்கல் போன்ற ஊர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரமே அருகு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தொலைக்காட்சியிலும் அந்த நெருக்கம் தொடர்ந்தது. திருவனந்தபுரம் நிலையம் 1985 ஜனவரி 1 முதல் மலையாள நிகழ்ச்சிகளைத் தந்தது. கூரைமேல் நட்ட ஆன்டெனாவுக்கு அதன் அலையே எளிதில் பிடிபட்டது. தமிழில் பேசி, மலையாளச் செய்தி கேட்டு, இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்த விண்வெளிக் கதைகளைப் பார்த்த பார்வையாளர்கள் இங்கே உருவானார்கள். எந்த மொழி வழிகாட்டி நூலிலும் இவர்களின் பார்வை அனுபவம் பதிவானதாகத் தெரியவில்லை.

தமிழ்த் தொலைக்காட்சியில் இந்த நூல்வகைக்கு மிகப் பொருத்தமான தொடர் ‘என் இனிய இயந்திரா’. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய இந்தத் தொடர்கதை, தனிமனிதர்மேல் முழுக் கட்டுப்பாடு கொண்ட ஓர் எதிர்கால இந்தியாவைக் காட்டியது. நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற இயந்திர நாயும் வாசகர் வீடுகளில் பழகிய பெயர்களாயின. ‘மீண்டும் ஜீனோ’ என்ற தொடர்ச்சியும் வந்தது. தூர்தர்ஷனில் இது தொடராகவும் ஒளிபரப்பானது. கதை இன்றும் நூலாகக் கடைகளில் கிடைக்கிறது. தொலைக்காட்சி வடிவமோ பெரும்பாலும் பார்த்தவர்களின் நினைவில்தான் தங்கியிருக்கிறது. டாக்டர் ஹூ ரசிகர்கள் 1970களில் நின்ற இடம் இதுதான்.

தமிழ் மரபில் இணையான பணிகள்

கற்பனை உலகின் மாந்தரையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தும் கலையைத் தமிழ் முன்பே கண்டிருக்கிறது. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘அபிதான சிந்தாமணி’, புராண, இதிகாச, இலக்கியப் பாத்திரங்களைப் பெயர்வாரியாக அடுக்கித் தருகிறது. ஒகுடா இணையரின் களஞ்சியத்தைத் திறக்கும் தமிழ் வாசகர் அதே அமைப்பைக் காண்பார். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளில் உள்ள அரும்பத அகராதிகளும், ஒரு நூலுக்குள் எங்கே எது வருகிறது என்று வாசகருக்குக் கைகாட்டுபவைதான்.

திரைத்துறையில் இந்தப் பணியைத் தனியொருவராகச் செய்தவர் ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன். படங்களின் பெயர், நடிகர்கள், வெளியான நாள், நிழற்படங்கள் ஆகியவற்றைப் பல பத்தாண்டுகள் திரட்டினார். அதன் விளைவு 2004இல் வந்த ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’. 1931 முதலான தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதும் எவருக்கும் அது கைவிளக்கு. தமிழ்த் தொலைக்காட்சிக்கு அப்படியொரு தொகுப்பாளர் இன்னும் தேவைப்படுகிறார்.

அந்தப் பணிக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. டாரதி ஜோன்ஸிடம் இருந்தவை சிறு அட்டைகளும் கவனமும்தான். ‘என் இனிய இயந்திரா’வில் நடித்தவர்கள், பணியாற்றியவர்கள், பார்த்தவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கருங்கலில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தவரும், சென்னையில் படப்பிடிப்பில் விளக்குப் பிடித்தவரும் தமக்கு நினைவிருப்பதை ஓர் அட்டையில் ஒரு செய்தியாக எழுதி வைத்தால், தமிழின் முதல் வழிகாட்டி நூலுக்கு அதுவே முதல் பக்கம்.