கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் திணறுதா? முதல்ல கேபிளைப் பாருங்க!

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து புது கிராபிக்ஸ் கார்டு போட்டாச்சு. ஆனாலும் கேம் பழையபடியே திணறுகிறதா? கார்டு பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

காரணம் என்ன?

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் வசதி இருக்கும். இது கம்ப்யூட்டரின் ரேமிலேயே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இயங்கும். மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் கேபிள் இருந்தால், பெரும்பாலும் வேலை செய்வது இதுதான். புது கார்டு சும்மா இருக்கும்.

மாற்றுவது எப்படி?

* கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் கேபிளைக் கழற்றவும்.
* மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து எடுத்து, கார்டில் உள்ள போர்ட்டில் செருகவும்.
* ஆன் செய்து, கார்டு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து சரியான டிரைவரை இன்ஸ்டால் செய்யவும்.

எஸ்எம்பிஎஸ் தாங்குமா?

மதர்போர்டு ஸ்லாட் வழியாக கார்டுக்கு 75 வாட் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி பவர் கேபிள் தர வேண்டும். அதை விட்டுவிட்டால் திரையில் படமே வராமல் போகலாம். எஸ்எம்பிஎஸ் திறன் போதவில்லை என்றால், கேம் நடுவிலேயே கம்ப்யூட்டர் ஆஃப் ஆகலாம்.

லேப்டாப் என்றால்?

கேபிள் வேலை இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், அந்த கேமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்வு செய்தால் போதும்.