ஒரு பெயர், இரண்டு அப்பிள்

எங்கட ஊர்ப் பெயர்ப்பலகைகளை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. ஒரே வீதியில் லக்ஷ்மி நகைமாடம் இருக்கும், லக்ஷ்மி அரிசி ஆலை இருக்கும், கொஞ்சம் தள்ளி லக்ஷ்மி சலூனும் இருக்கும். மூன்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் சண்டை வாறதில்லை. சங்கிலி வாங்கப் போறவர் ஆள்மாறி அரிசி ஆலைக்குள் போய் நிற்கமாட்டார்தானே.

வர்த்தகக் குறிச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான். ஒரு பெயர் எந்தப் பொருளுக்குப் பதியப்பட்டதோ, அதற்கும் அதை ஒத்த பொருட்களுக்கும்தான் பொதுவாகப் பாதுகாப்பு. அதனால்தான் 'டவ்' என்ற பெயரில் சவர்க்காரத்தை யுனிலீவரும், சொக்லேட்டை மார்ஸும் விற்க முடிகிறது. இரண்டு தொழிலுக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மதில் இடிந்தால் என்ன நடக்கும்? அதைத்தான் அப்பிளின் கதை சொல்கிறது.

இன்றைக்கு அப்பிள் என்றால் எங்களுக்கு ஐபோன்தான். ஆனால் அந்தப் பெயரில் முதலில் வந்தது ஒரு இசைக் கம்பனி. பீட்டில்ஸ் குழு 1968இல் லண்டனில் 'அப்பிள் கோர்' கம்பனியைத் தொடங்கியது. அதன் பாட்டுத்தட்டுகளில் ஒரு பக்கம் முழுப் பச்சை அப்பிள், மறுபக்கம் வெட்டின அப்பிள். 1976இல் கலிபோர்னியாவில் ஸ்டீவ் ஜொப்ஸும் கூட்டாளிகளும் 'அப்பிள் கம்பியூட்டர்' கம்பனியைத் தொடங்கினார்கள். ஜொப்ஸ் ஒரு அப்பிள் தோட்டத்துக்குப் போய்வந்த பிறகு தோன்றிய பெயர் அது.

1978இல் இசைக் கம்பனி வழக்குப் போட்டது. 1981இல் சமாதானம். கணினிக் கம்பனி 80,000 டொலர் கட்டியது. அதைவிட முக்கியம், அவர்கள் ஒப்புக்கொண்ட எல்லை: நீங்கள் இசைக்குள் வரக்கூடாது, நாங்கள் கணினிக்குள் வரமாட்டோம். அந்தக் காலத்துக் கணினி பெரும்பாலும் 'பீப்' சத்தம் போடுகிற பெட்டிதான். அது பாடப்போகுது எண்டு ஆர் நினைச்சது?

ஆனால் பாடியது. எண்பதுகளின் நடுவில் அப்பிள் கணினிகள் நல்ல ஒலிச் சிப்போடு வந்தன, இசைக்கருவிகளோடும் இணைக்க முடிந்தது. 1989இல் திரும்ப வழக்கு. 1991இல் கணினிக் கம்பனி சுமார் 26.5 மில்லியன் டொலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்த நாட்களில் ஜிம் ரீக்ஸ் என்ற பொறியியலாளர் மக்கின்டொஷ் கணினிக்காக ஒரு சின்ன ஒலியை உருவாக்கினார். முதலில் வைத்த பெயரில் இசை வாடை அடிக்குது என்று ஆட்சேபனை வந்ததாம். கடுப்பாகி 'சொசுமி' என்று மாற்றினார். கேட்டவர்களுக்கு அது ஜப்பானியச் சொல் என்று கதை விட்டார்கள். வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் 'முடிஞ்சா வழக்குப் போடு' என்று வரும்!

பிறகு 2001இல் ஐபொட், 2003இல் ஐரியூன்ஸ் கடை. இப்போது கணினிக் கம்பனி நேரடியாகவே பாட்டு விற்றது. மூன்றாவது வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 மே மாதம் தீர்ப்பு கணினிக் கம்பனிக்குச் சார்பாக வந்தது. அந்தச் சின்னம் கடையைத்தான் குறிக்கிறது, விற்கப்படும் இசையை அல்ல என்றார் நீதிபதி. 2007 ஜனவரியில் அந்தக் கம்பனி தன் பெயரிலிருந்து 'கம்பியூட்டர்' என்ற சொல்லையே கழற்றியது. அடுத்த மாதம் வந்த உடன்பாட்டின்படி 'அப்பிள்' குறிகள் எல்லாம் அதற்கே சொந்தம். சிலவற்றைப் பீட்டில்ஸ் கம்பனிக்கு அனுமதிப்பத்திரம் மூலம் திருப்பிக் கொடுத்தது. முதலில் பெயர் வைத்தவர், பிந்தி வந்தவரிடம் அனுமதி வாங்கிப் பாவிக்கிற நிலை.

கதை இதோடு முடியவில்லை. 2020இல் அமெரிக்காவில் 'பிரிபெயர்' என்ற சமையல் குறிப்புச் செயலியின் சின்னத்துக்கு அப்பிள் ஆட்சேபனை தெரிவித்தது. அஞ்சு பேர் வேலை செய்கிற சின்ன இடம். சின்னம் அப்பிள்கூட இல்லை, பெயார்ஸ் பழம்! கடைசியில் அதன் இலையின் வடிவத்தை மாற்றித்தான் 2021இல் விஷயத்தை முடித்தார்கள்.

இதில்தான் எங்களுக்குக் கேள்வி எழுகிறது. 'நாங்கள் வேறு தொழில்' என்ற நிழலில் நின்றுதான் அப்பிள் கம்பியூட்டர் வளர்ந்தது. வளர்ந்த பிறகு அதே நிழலில் இன்னொருத்தர் நிற்பதை அது விரும்பவில்லை. மிகப் பிரபலமான குறிகளுக்கு வேறு தொழில்களிலும் பாதுகாப்புக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. நன்கறியப்பட்ட குறிகள் என்ற கருத்து எங்கட நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இருக்கிறது. போலிகளைத் தடுக்க அது தேவைதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தொழிலுக்குள்ளும் கால் வைக்கிற கம்பனிகளின் காலம் இது. மதில் விழும்போது, பெயர் ஆரிட்ட முதல் இருந்தது என்று வரலாறு கேட்கிறதில்லை. வழக்குச் செலவை ஆரால் கடைசிவரை தாங்க முடியும் என்றுதான் கேட்கிறது.

அப்பிள் ஒரு பழம். லக்ஷ்மி ஒரு சாமி. இப்படியான சொற்கள் எல்லாருக்கும் பொது. கடை திறக்கிற எங்கட தலைமுறைப் பிள்ளையளுக்கும் அவை மிச்சம் இருக்கவேணும்.