கபுர் இல்லாத தர்காக்கள்

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருப்பவருக்கு நாகூர் ஓர் இரவுப் பயணம்தான். கந்தூரி சமயத்தில் சாயங்காலம் பஸ் ஏறினால் விடியலில் எஜமான், நாகூரார் ஷாகுல் ஹமீது வாசலில் நிற்கலாம். 1820-களில் சிங்கப்பூரில் பிழைக்கப்போன சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? காற்று திரும்பினால்தான் கப்பல் ஊர் திரும்பும்.

அதனால் நாகூரையே அங்கே கட்டிக்கொண்டார்கள். அன்று கடலோரமாக இருந்த தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் ஷாகுல் ஹமீது தர்கா எழுந்தது. மூலைகளில் நாகூரை நினைவூட்டும் மினராக்கள், கீழே ஐரோப்பிய பாணி வளைவுகள். பினாங்கில் சூலியா தெருவில் ஒன்று, இலங்கைக் கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளி என்று ஒன்று. எதிலும் நாகூராரின் கபுர், அதாவது அவர் அடங்கிய இடம், கிடையாது.

தர்கா என்றாலே கபுர்தானே மையம்? போர்வை போர்த்துவது, சந்தனம் பூசுவது எல்லாம் அதற்குத்தானே? பதில், நாகூராரின் கராமத்துக் கதையிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருக்கிறது. நடுக்கடலில் ஒரு கப்பல் ஓட்டையாகித் தவிக்கிறது. அவர் கையிலிருந்த கண்ணாடியை வீசுகிறார். அது பறந்துபோய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. இதைக் கேட்டு வளர்ந்த மாலுமிக்கு, கூப்பிட்ட இடத்துக்கு எஜமான் வருவார். அவர் உடல் எங்கே இருந்தால் என்ன?

கபுருக்குப் பதிலாகக் கொடி முக்கியமாயிற்று. கொடி எங்கேயும் ஏறும். நாகூர்க் கந்தூரிக்கே நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில்தான் கொடி வருகிறது. கல்முனைக்குடியிலும் கொடியேற்ற விழா ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் நடக்கிறது.

சிங்கப்பூரில் கதை வேறு. கடலைத் தூர்த்ததில் கரை தள்ளிப்போனது. தர்கா 1974-ல் தேசிய நினைவுச் சின்னமானது. 2011-ல் இந்திய முஸ்லிம் பாரம்பரிய மையமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் பிழைத்தது, நேர்ச்சையோடு வந்தவர்களின் இடத்தில் இன்று பெரும்பாலும் பார்வையாளர்கள்.

அடுத்த வாரம் இதற்கு நேர்மாறான பயணம். யாழ்ப்பாணத்தில் தமிழில் உபதேசம் செய்த பாவா முஹையத்தீன் 1971-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். 1986-ல் அங்கேயே வஃபாத்தானார். அவருடைய கபுர் பென்சில்வேனியாவின் வயல்வெளியில் இருக்கிறது. அங்கே ஜியாரத் செய்ய இலங்கைத் தமிழர்தான் கடல் தாண்ட வேண்டும்.

(தொடரும்)