அரியலூர் ரயிலும் எங்கள் தெருவின் இரண்டு வீடுகளும்



2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தப்பித்த ஒருவரின் படம் சுற்றியது. கீழே நாலைந்து பேர் "பூர்வ புண்ணியம்" என்று எழுதிக் கைகூப்பியிருந்தீர்கள். எனக்குக் கைகூப்ப விரல் போகவில்லை. ஏன் என்று எழுத உட்கார்ந்து பாதியில் விட்டுவிட்டேன். இன்று நவம்பர் 23. இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

1956-ல் இதே தேதி, வெள்ளிக்கிழமை. முந்தைய இரவு எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மருதையாறு. வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான், ஆனால் அந்தக் கார்த்திகை மழையில் பெருக்கெடுத்துப் பாலத்தையே அரித்திருந்தது. அடியில் மண் போய்விட்டாலும் மேலே தண்டவாளம் நேராகத்தான் தெரியும். இருட்டில், மழையில், டிரைவர் எதைப் பார்ப்பார்? என்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. பின்பக்கப் பெட்டிகள் மேலேயே நின்றன. செத்தவர்கள் 140-க்கும் மேல். முன்பக்கம், பின்பக்கம் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் பிள்ளையார்பாளையம் தெருவிலிருந்து இரண்டு நெசவாளிகள் அந்த ரயிலில் போனார்கள். ஒருவர் எதிர்வீட்டு அண்ணன், கல்யாணமாகி நான்கு வருடம். இன்னொருவர் மூன்றாம் வீட்டு மாமா. தை முகூர்த்தத்துக்குச் சேலை கேட்ட மதுரைக் கடைக்காரரைப் பார்க்கச் சேர்ந்தே கிளம்பினார்கள். நம் ஊரிலிருந்து செங்கல்பட்டு போய்த்தான் அந்த வண்டியைப் பிடிக்க வேண்டும். மாமா திரும்பி வந்தார். அண்ணன் வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா வந்த அன்று அவர் வீட்டுத் திண்ணையில் கால் வைக்க இடமில்லை. "காமாட்சி காப்பாத்திட்டா", "அவங்கப்பா பண்ணின தருமம்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து பிரசாதத்தைத் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். எதிர்வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பாருங்கள். அண்ணனின் அம்மா அதை வாங்கிக்கொண்டு, "எம் புள்ள என்னடி பாவம் பண்ணினான்?" என்று கேட்டாள். கொடுக்கப் போனது என் சொந்த அத்தை. வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. 1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு, ஸ்காட்லாந்தில் டே நதிப் பாலம் புயலில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஓய்வுநாளில் பயணம் செய்த பாவத்துக்குத் தண்டனை என்று அங்கே பிரசங்கம் செய்தவர்கள் உண்டு. விசாரணையோ, வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றுமே மோசம் என்றது. மோர்பியிலும் பாலத்தைப் பராமரித்த நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் நீதிமன்றத்தில் கடவுள் சித்தம் என்றதாகப் பத்திரிகையில் படித்தேன். திண்ணையில் ஆறுதலாகச் சொன்ன வார்த்தை அங்கே கேடயமாகிவிட்டது.

அரியலூருக்கு வருகிறேன். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். என்னிடம் படித்தவர்களுக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வியாக நினைவிருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே அவர் கடிதம் கொடுத்திருந்தார். நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார், சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக இல்லை, ஒரு முன்மாதிரிக்காக என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

துணை அமைச்சர் நம் பக்கத்துக்காரர், செங்கல்பட்டு எம்.பி. ஓ.வி. அழகேசன். 1957 தேர்தல் வந்தது. தி.மு.க. முதன்முதலாகக் களமிறங்கிய தேர்தல், நம் ஊரில் அண்ணா நின்றார். அழகேசனைக் குறிவைத்து "ஆண்டது போதாதா, மாண்டது போதாதா" என்ற முழக்கம் கிளம்பியது. என்ன எதுகை! அழகேசன் தோற்றார், அண்ணா ஜெயித்தார். மக்கள் கேள்வி கேட்டது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மருதையாற்று மண் அரித்தது டெல்லியில் இருந்த ஒரு துணை அமைச்சருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. 1962-ல் அதே செங்கல்பட்டு அவரைத் திரும்ப அனுப்பியது, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த முழக்கத்தை நாங்கள் பையன்களும் கத்திக்கொண்டு ஓடினோம். தெருவில் மேலும் கீழுமாக, டின் தட்டிக்கொண்டு. "மாண்டது" என்று நான் கத்தியபோது எதிர்வீட்டு அண்ணி வாசலில் நின்றிருந்தாள். திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். புண்ணியம் பேசிய பெரியவர்களைக் குறை சொல்லும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுபது வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன்.

அண்ணன் வீட்டுத் தறியில் ஒரு கோர்வைச் சேலை பாதியில் நின்றது. பாவு முதலாளியுடையது, முடித்துக் கொடுத்தால்தான் கூலி. அதை முடித்தது மாமா. தன் தறியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் யாருடனும் பேசாமல் அந்த வீட்டுக் குழித்தறியில் வந்து உட்காருவார். கோர்வைக்கு எதிர்க்கரையில் நாடா தள்ள ஒரு பையன் வேண்டுமே, என்னை அனுப்பினார்கள். ஒருநாள் நான் கேட்டுவிட்டேன், "மாமா, அம்மன் உங்களை மட்டும் எப்படிக் காப்பாத்தினா?"

மாமா நெய்வதை நிறுத்தவில்லை. "செங்கல்பட்டுல கூட்டம்டா. ஒரே பெட்டியில ரெண்டு பேருக்கு இடம் இல்ல. முன்னாடி ஒரு இடம் இருந்துச்சு. நீ போய் உக்காருன்னு நாந்தான் அவன ஏத்திவிட்டேன். நான் பின்னாடி ஓடினேன்."

அதை அவர் அண்ணியிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமா போய் முப்பது வருடமாகிறது, அண்ணியும் இல்லை.

அரியலூர், திருச்சிப் பக்கம் இருக்கும் மாணவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வெள்ளத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். கண் மங்கல், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.