கண்ணாடிச் சோப்பு

சோப்பு இயல்பிலேயே ஒளியை மறிக்கிற பொருள். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகி, ஆறி இறுகும்போது உள்ளே எண்ணமுடியாத அளவுக்கு நுண்படிகங்கள் உண்டாகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் கட்டி மங்கலாகத் தெரிகிறது. படிகங்களை வளரவிடாமல் தடுத்துவிட்டால் அதே சோப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான் விஷயம். அழுக்கு போவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இந்தச் சின்ன வித்தையின்மேல் இருநூறு வருஷ வியாபாரம் எழும்பி நிற்கிறது. தோல் நிறமும் அதில் மாட்டிக்கொண்டதுதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

ஆண்ட்ரூ பியர்ஸ் கார்ன்வாலிலிருந்து லண்டனுக்கு வந்த முடிதிருத்துநர். சோஹோ பகுதியில், ஜெரார்ட் தெருவில் கடை. வாடிக்கையாளர்கள் எல்லாம் பணக்காரர்கள். வெயிலில் கறுத்த முகம் உழைப்பாளியின் முகம், வெளுத்த முகம் மேட்டுக்குடி முகம் என்று கணக்குப் பார்த்த காலம் அது. அன்றைய சோப்புகளின் காரம் தோலைப் பதம்பார்க்கும். அந்தப் புண்ணை மறைக்கப் பூசிய பொடிகளிலும் களிம்புகளிலும் ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கும். தோலைக் கெடுக்காத ஒரு சோப்பைத் தேடித்தான் பியர்ஸ் பரிசோதனைகளில் இறங்கினார். 1807இல் அவருடைய ஒளி ஊடுருவும் சோப்பு வந்தது. ஆக, நிறத்தைப் பற்றிய கவலை இந்தச் சோப்புக்குப் பின்னால் வந்து ஒட்டியதல்ல. பிறக்கும்போதே கூட இருந்தது. அப்போது அது இனத்தின் நிறம் அல்ல, வர்க்கத்தின் நிறம்.

அவருடைய முறை சாராயத்தை நம்பியது. சோப்பைச் சாராயத்தில் கரைத்து, பிறகு சாராயத்தைக் காய்ச்சி வடித்து எடுத்துவிட்டு, கட்டியை நீண்ட நாள் உலரவிட வேண்டும். ‘கிளிசரின் சோப்பு’ என்றே நாம் இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். கிளிசரினும் சர்க்கரைப் பாகும் படிகங்களைத் தடுப்பதில் கைகொடுப்பவைதான், ஆனால் இந்த முறையில் முக்கிய வேலை சாராயத்துடையது.

வீட்டில் செய்வதும் இதே தர்க்கம்தான். 100 கிராம் தேங்காயெண்ணெயைச் சோப்பாக்கச் சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும்; 100 கிராம் விளக்கெண்ணெய்க்குச் சுமார் 13 கிராம் போதும். நம்மூரில் ஆளைத் திட்டவே அதிகம் பயன்படும் விளக்கெண்ணெய்தான் இங்கே நாயகன். அதிலுள்ள ரிசினோலிக் அமிலத்தின் அமைப்பு படிகம் உருவாகாமல் கெடுத்துவிடும். சோப்பு நன்றாக வெந்த பிறகு சாராயம், கிளிசரின், கடைசியில் கெட்டியான சர்க்கரைக் கரைசல். எத்தனாலுக்கு நம் மதுவிலக்குச் சட்டங்கள் குறுக்கே நிற்பதால் நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொள்கிறேன். அந்த வாடை போகப் பல நாள் ஆகும். இரண்டு விஷயத்தில் விளையாடக் கூடாது. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆல்கஹால் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் கேஸ் அடுப்பு அறவே கூடாது. மின் அடுப்பில் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, ஜன்னலைத் திறந்துபோட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய துண்டை வெட்டி நாளிதழ்மேல் வைத்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் பதம்.

பியர்ஸ் காலத்தில் இது வீட்டு வேலையாக இருக்க முடியாது. இங்கிலாந்தில் சோப்புக்கு வரி இருந்தது. இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் காய்ச்சிவிடக் கூடாது என்று அதிகாரிகள் கொப்பரைகளை மூடிப் பூட்டுவார்கள். 1853இல் கிளாட்ஸ்டன் அந்த வரியை நீக்கினார். 1855இல், குடிக்க முடியாதபடி கலப்படம் செய்த சாராயத்தைத் தொழிலுக்கு வரியில்லாமல் பயன்படுத்தலாம் என்றானது. 1862இல் ஐல்வொர்த்தில் பியர்ஸ் தொழிற்சாலை. இந்த மூன்று ஆண்டுகளும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மாப்பிள்ளை வந்தார். 1865இல் பியர்ஸ் குடும்பத்துப் பெண்ணை மணந்து பங்குதாரரான தாமஸ் பாரட்டைச் சும்மா சொல்லக்கூடாது, விளம்பரத்தில் அசகாய சூரர். ஓவியர் மில்லே 1886இல் தன் பேரன் சோப்புக் குமிழைப் பார்ப்பதை வரைந்தார். பாரட் அதை உரிமையோடு வாங்கி, படத்துக்குள் ஒரு பியர்ஸ் கட்டியையும் சேர்த்துவிட்டார். ‘குமிழிகள்’ என்ற பெயரில் அது உலகம் சுற்றியது. கலையை விற்றுவிட்டார் என்று மில்லேயைத் திட்டினார்கள்.

அதே நிறுவனத்தின் இன்னொரு படம் பார்க்கக் கூசும். 1880களில் வந்தது. ஒரு கறுப்பினக் குழந்தை தொட்டியில் இறங்குகிறது. வெள்ளைக் குழந்தை ஒன்று சோப்பு தருகிறது. எழுந்தால் கழுத்துக்குக் கீழே உடம்பு வெள்ளை. முகம் மட்டும் கறுப்பு. சோப்பு அழுக்கை நீக்கும், கறுப்பு நீங்கிவிட்டது, ஆகவே கறுப்பு அழுக்கு. வார்த்தையில் சொன்னால் யாராவது எதிர்த்துப் பேசியிருக்கலாம். படத்தோடு எப்படி வாதாடுவது? 1899இல் கிப்ளிங்கின் ‘வெள்ளையரின் சுமை’ வந்த வருஷமே, கப்பலில் ஒரு கடற்படைத் தளபதி கை கழுவும் விளம்பரமும் வந்தது. கீழே, சுத்தத்தைக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தச் சுமையைக் குறைக்கும் முதல் படி என்று எழுதியிருந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1902இல், பியர்ஸ் இந்தியாவுக்கு வந்தது. 1917க்குள் நிறுவனம் லீவர் சகோதரர்கள் கைக்குப் போயிருந்தது. இங்கே அந்த விளம்பரங்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. என் அத்தைக்கு அது கைக்குழந்தைச் சோப்பு. ‘உள்ளே ஒண்ணும் கலக்கலடா, பாரு, அந்தப் பக்கம் தெரியுது’ என்பார். சாராயமும் பாகும் கலந்ததால்தான் அந்தப் பக்கம் தெரிகிறது என்று சொன்னால் நம்பமாட்டார். நானும் சொன்னதில்லை.

பழைய பியர்ஸ் கட்டியின் நடுவில் ஒரு குழி இருக்கும். அது அச்சில் வார்த்ததல்ல. காயும்போது கட்டி சுருங்கி விழுந்த குழி. ஆல்கஹால் ஆவியாகப் போகப் போக, என் அலமாரியில் உலரும் கட்டிகளிலும் மூன்றாவது வாரத்திலிருந்து மெதுவாக அது விழுகிறது.