எலிகளை நடுங்க வைத்த நத்தை

1970 வாக்கில் அமெரிக்காவிலிருந்து மணிலா திரும்பினார் பால்டொமேரோ ஒலிவேரா. ஸ்டான்ஃபோர்டில் டி.என்.ஏ. ஆராய்ச்சியில் பெயரெடுத்தவர். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் தந்த ஆய்வுக்கூடத்திலோ சொல்லிக்கொள்ளும்படி ஒரு கருவியும் இல்லை. செலவில்லாமல் எதை ஆராய்வது? சிறுவயதில் சங்கும் சோழியும் சேர்த்த பழக்கம் கைகொடுத்தது. கூம்பு நத்தைகள் அந்தக் கடலில் ஏராளம். அவற்றில் ஓர் இனம் ஆளையே கொல்லும்.

ஊர்ந்து போகும் நத்தை, நீந்தும் மீனைப் பிடிப்பதே அதிசயம்தான். நீண்ட குழல் ஒன்றை மெல்ல நீட்டும். அதன் நுனியில் ஈட்டி போன்ற, உள்ளே துளையுள்ள பல். குத்தியதும் விஷம் ஏறி மீன் விறைத்துப்போகும். நத்தை அப்படியே இழுத்து விழுங்கிவிடும். அந்த விஷத்தில் என்னதான் இருக்கிறது?

ஒலிவேராவும் சக ஆய்வாளர் லூர்து குரூஸும் விஷத்தைப் பிரித்து எலிகளுக்கு ஊசி போட்டு, கம்பி வலையில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். எத்தனை நேரத்தில் பிடி நழுவி விழுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. எலிகள் விழுந்தன. ஆனால் கையில் சிக்கிய பொருள், நாகப்பாம்பு விஷம் பார்க்கும் அதே வேலையைத்தான் பார்த்தது. இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

பிறகு ஒலிவேரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கிரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவருக்கு ஒரு யோசனை: விஷத்தை எலியின் மூளைக்குள்ளேயே செலுத்தினால் என்ன? பேராசிரியருக்கு நம்பிக்கை இல்லை. செய்து பார்த்தால், விஷத்தின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கூத்து! ஒன்று குட்டி எலிகளைத் தூங்க வைத்தது. அதையே வளர்ந்த எலிகளுக்குப் போட்டால் தாறுமாறாக ஓடின. இன்னொன்று எலிகளை வெடவெடவென நடுங்க வைத்தது.

நடுக்கம் தந்த கூறைக் கோனஸ் மேகஸ் என்ற இனத்தின் விஷத்திலிருந்து தனியாகப் பிரித்தவர், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த மைக்கேல் மெக்கின்டாஷ். வெறும் 25 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. நரம்பு முனைகளில் கால்சியம் நுழையும் ஒருவகை வாயிலை மட்டும் தேடிப்போய் அடைத்தது. தண்டுவடத்தில் வலிச் செய்தி கைமாறுவதும் அதே வாயிலின் தயவில்தான்!

நியூரெக்ஸ் நிறுவனம் அதை மருந்தாக்க இறங்கியது. மாத்திரையாக விழுங்கிப் பயனில்லை. தண்டுவட நீருக்குள்ளேயே சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அளவு மிஞ்சினால் மனக்குழப்பம், இல்லாதது தெரியும் பிரமை. அளவைக் குறைத்து, மெல்ல மெல்ல ஏற்றிப் பார்த்தார்கள், ஆண்டுகள் ஓடின.

2004 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. வயிற்றுத் தோலுக்கடியில் பொருத்திய சிறு பம்பிலிருந்து, மார்ஃபினுக்கும் அடங்காத வலியில் துடிக்கும் நோயாளிகளின் தண்டுவடத்துக்குப் போகும் 'ஜிகோனோடைடு' மருந்து அதுதான். மார்ஃபினைப் போல அடிமையாக்காது. ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத்தான் தயாரிக்கிறார்கள். ஆனால் நத்தை கோத்துவைத்த வரிசையில் ஒரு கண்ணியைக்கூட மாற்றவில்லை.