நெப்போலியன் பின்வாங்கினார், பில் ஸ்டெப் பாய்ந்தார்

1990களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மாட்டிறைச்சி விளம்பரம் சக்கைப்போடு போட்டது. அதன் பின்னணியில் குதிரைப் பாய்ச்சலில் ஓர் இசை வரும். இசை தெரிந்தவர்களைக் கேட்டால், "ஆரன் கோப்லாண்டின் ஹோ-டவுன்" என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதி கென்டக்கி மலைநாட்டில் இருக்கிறது.

அந்த மெட்டின் நிஜப்பெயர் 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்'. நெப்போலியன் பின்வாங்கியதைச் சொல்லும் பெயர். அதற்கேற்ப, பழைய ஃபிடில்காரர்கள் பலர் இதைத் தளர்ந்த நடையில், சோகமாகத்தான் வாசிப்பார்கள். தடித்த கம்பியை நன்றாக இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டால் மெட்டுக்கு அடியில் அது விடாமல் ரீங்கரிக்கும். கேட்பதற்குப் பேக்பைப் மாதிரியே இருக்கும்.

1937ல் ஆலன் லோமாக்ஸ், காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்யும் கருவியோடு கென்டக்கியின் சேலியர்ஸ்வில் ஊருக்குப் போனார். அங்கே வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் என்ற 62 வயதுக்காரர் இதே மெட்டை வாசித்தார், நாலுகால் பாய்ச்சலில்! தோற்றுப்போன படையின் நடை அவர் கையில் ஆட்டம் போட வைக்கிற இசையாகிவிட்டது. கேட்டுப் பாருங்கள், கால் தானாகத் தாளம் போடும்.

அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுரக்குறிப்பாக எழுதியவர் ரூத் கிராஃபோர்ட் சீகர். அவரே நல்ல இசையமைப்பாளர். (இவருக்கும் போதிய பெயர் கிடைக்கவில்லை, அது தனிக் கதை.) 1941ல் லோமாக்ஸ்களின் 'அவர் சிங்கிங் கண்ட்ரி' புத்தகத்தில் அது வெளியானது. அதிலிருந்து கோப்லாண்ட் எடுத்துக்கொண்டார். 1942 அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேறிய 'ரோடியோ' பாலேயில் ஸ்டெப்பின் வாசிப்பு கிட்டத்தட்ட அப்படியே ஒலித்தது.

கோப்லாண்டைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். மெட்டு ஊருக்கெல்லாம் பொது. ஆனால் அந்த வேகமும் வில் வீச்சும் பொதுவா? அவை ஸ்டெப்புடையவை என்பது என் கட்சி. புத்தகத்தில் இருந்த அவர் பெயர், மேடைக்கு வருவதற்குள் உதிர்ந்துவிட்டது. 1950ல் பீ வீ கிங் இதே மெட்டுக்கு வரிகள் எழுத, கே ஸ்டார் பாடிப் பிரபலமாக்கினார். 1972ல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் ராக் இசைக்குழு 'ஹோ-டவுன்' என்றே வாசித்தது, கோப்லாண்டின் பெயரோடு.

ஸ்டெப் 1957ல் இறந்தார். ஸ்டீபன் வேட் என்ற பாஞ்சோ கலைஞர் அவருடைய ஊருக்கே போய், உறவினர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 2012ல் வந்த தன் புத்தகத்தில் அவருக்கென்று ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார்.